சி மொழியில் இரட்டைச் சுட்டியும் அணியும் பிரியும் இடம்

குமரி மாவட்டத்தின் பழைய நான்கு வட்டங்களான அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றின் பெயர்களை ஒரு சி நிரலில் அணியாக (array) வைக்க வேண்டும் என்று கொள்வோம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் (‘தோ’ என்பது ‘த’வும் துணைக்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு), சொல்லின் முடிவைக் காட்டும் இறுதிச் சுழியத்தையும் சேர்த்து ‘தோவாளை’க்கு 19 பைட்டும் ‘அகஸ்தீஸ்வரம்’ என்பதற்கு 37 பைட்டும் தேவைப்படும். நான்கையும் 37 பைட் அகலத்தில் இருபரிமாண அணியாக வைத்தால் 148 பைட் ஆகும். அதற்கு மாறாக, சார் *வட்டம்[4] என்று சுட்டிகளின் (முகவரியை வைத்திருக்கும் மாறிகள், pointer) அணியாக அறிவித்தால், 64 பிட் கணினியில் சுட்டிகளுக்கு 32, எழுத்துகளுக்கு 112 என மொத்தம் 144 பைட். (நிரலில் சார், இன்ட், சைஸ்ஆஃப், மேலாக், ஃப்ரீ ஆகியவற்றை char, int, sizeof, malloc, free என ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.) மிச்சம் வெறும் 4 பைட்தான், ஆகவே இங்கே நினைவகச் சிக்கனம் ஒரு காரணமே அல்ல. பெயர்களை வரிசை மாற்றும்போது எழுத்துகளை நகலெடுக்காமல் 8 பைட் முகவரிகளை மட்டும் இடம் மாற்றலாம் என்பதே உண்மையான பயன்.

இந்த அணியை ஒரு செயற்கூறுக்கு (function) அனுப்பும்போது அதன் பெயர் முதல் உறுப்பின் முகவரியாக மாறுகிறது. அந்த உறுப்பே ஒரு சுட்டி என்பதால், பெறும் பக்கத்தில் சார் **வட்டம் என்று, சுட்டியைச் சுட்டும் இரட்டைச் சுட்டியாக எழுதுகிறோம். எண்ணுவது 0-இல் தொடங்குவதால், வட்டம்[2] என்றாலும் *(வட்டம் + 2) என்றாலும் கிடைப்பது ‘கல்குளம்’ தொடங்கும் முகவரியே. **வட்டம் என்று எழுதினால் ‘அ’ முழுதாகக் கிடைக்காது, அதன் மூன்று பைட்டுகளில் முதலாவது மட்டுமே வரும். செயற்கூறுக்குள் வட்டம் என்பதன் அளவைக் கேட்டால் சைஸ்ஆஃப் 32 என்று சொல்லாமல் 8 என்றே சொல்லும் என்பதால், உறுப்புகளின் எண்ணிக்கையைத் தனியாக அனுப்பிவிடுங்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். நான்கு வட்டங்களின் மாத மழையளவை இன்ட் மழை[4][12] என்று வைத்தால், 48 எண்களும் 192 பைட்டில் இடைவெளியின்றி அடுக்கப்படுகின்றன. அதற்குள் சுட்டி எதுவும் இல்லை. இதை இன்ட் ** என்று பெறும் செயற்கூறுக்கு அனுப்பினால் கம்பைலர் எச்சரிக்கும் அல்லது ஏற்க மறுக்கும். வகைமாற்றம் (cast) எழுதி அதன் வாயை அடைத்தால், மழை[0][0] என்று கேட்டவுடன் நிரல் அகஸ்தீஸ்வரத்தின் ஜனவரி, பிப்ரவரி அளவுகளை ஒட்டி ஒரே முகவரியாகப் படித்து, இல்லாத இடத்துக்குப் போய் நின்றுவிடும். நானும் ஒரு மாலை முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன். சரியான அறிவிப்பு இன்ட் (*மழை)[12]. அடைப்புக்குறியை விட்டால் பொருளே வேறாகிவிடும்.

இன்ட் ** தான் வேண்டுமென்றால் சுட்டிகளை நாமே உண்டாக்க வேண்டும். நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மேலாக் மூலம் முதலில் நான்கு சுட்டிகளுக்கும், பிறகு ஒவ்வொன்றுக்கும் 12 எண்களுக்கும் இடம் வாங்குங்கள். விடுவிக்கும்போது வரிசைகளை முதலிலும் சுட்டிகள் இருக்கும் இடத்தைக் கடைசியிலும் ஃப்ரீ செய்யுங்கள். முறை மாறினால் வரிசைகளின் முகவரிகள் கைவிட்டுப் போய்விடும்.