வன்னி வீட்டுக்கு ஒரு வால்வு பிரீஅம்ப்: ஊசியில் தொடங்கித் தெரிவு செய்வது எப்படி?

றெக்கோட் பிளேயரின் மெல்லிய சத்தத்தை அம்பிளிபயருக்குப் போகுமுன் பெருக்கும் பெட்டிதான் பிரீஅம்ப். அந்த வேலையைக் கண்ணாடிக் குழாய் வால்வு செய்தால் அது வால்வு பிரீஅம்ப். அதை வாங்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த வால்வு நல்லது என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் றெக்கோட் பிளேயரின் ஊசியும் வீட்டுக்கு வருகிற கறண்டும்தான் முக்கால்வாசி முடிவை எடுத்துவிடும்.

முதற்படி: கார்ட்ரிட்ஜைப் பாருங்கள்

ஊசி பூட்டியிருக்கிற சின்னத் துண்டுதான் கார்ட்ரிட்ஜ். அதன் மாடல் இலக்கத்தை இணையத்தில் தேடினால் எம்எம் (காந்தம் அசையும்) வகையா எம்சி (கம்பிச்சுருள் அசையும்) வகையா என்று தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்களிடம் இருப்பது அநேகமாக எம்எம். அது தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட் மட்டுமே. சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட் அளவு. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் பிரீஅம்ப்பில் ‘போனோ’ என்ற, றெக்கோட்டுக்கான பகுதி இருக்கிறது. எம்எம்முக்கு 40 டெசிபெல் அளவு பெருக்கம், அதாவது நூறு மடங்கு வேண்டும். உள்நுழைவின் மின்தடை 47 கிலோ ஓம் என்று இருக்க வேண்டும். எம்சி வகை பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத் தருவதால் 60 டெசிபெல் வரை தேவைப்படும். வால்வை மட்டும் வைத்து இரைச்சல் இல்லாமல் அவ்வளவு பெருக்குவது செலவான வேலை. முதல் தடவை வாங்குகிறவர் எம்எம்மோடு நிற்பது நல்லது.

பெருக்குவது மட்டும் போனோ பகுதியின் வேலை இல்லை. றெக்கோட் தட்டு வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து, மேல்தொனியைக் கூட்டித்தான் பதிகிறார்கள். இல்லாவிட்டால் பள்ளங்கள் அகன்று தட்டில் இடம் போதாது. 1954இல் வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) அளவுப்படி அதைத் திருப்பிச் சரிசெய்வதும் இந்தப் பகுதிதான். அதனால் பின்பக்கத்தில் ‘போனோ’ உள்நுழைவு இல்லாத பிரீஅம்ப்பில் றெக்கோட்டை நேரே கொடுத்தால் மெலிந்த தகரச் சத்தம்தான் கேட்கும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பாட்டன் காலத்துத் தட்டு வைத்திருக்கிறீர்களா? அதற்கு அகலமான ஊசி வேறாக வேண்டும்.

அடுத்தது கறண்ட்

சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது; கறண்டின் அருமையை வன்னியாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கனடாவிலிருந்து அண்ணாவோ மச்சானோ பெட்டி அனுப்பினால் பின்னால் எழுதியிருப்பதை வாசிக்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிரீஅம்ப்பை ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டுச் சமாளிக்கலாம், கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். றெக்கோட் பிளேயரில் பழைய ஏசி மோட்டார் இருந்தால் அதுவும் உதவாது: 33 சுற்றுத் தட்டு 28க்கும் குறைவாகச் சுற்றும், பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவார். லண்டன், பாரிஸ், சூரிச்சிலிருந்து வருபவற்றில் இந்தத் தொல்லை இல்லை. வீட்டில் சதுரப் பின் சொக்கெட் இருந்தால் லண்டன் சாமானின் பிளக்கும் அப்படியே பொருந்தும்.

சோலரில் ஓட்டுவதானால் இன்வேட்டர், சீரான அலையாகக் கறண்ட் தரும் ப்யூர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மலிவான இன்வேட்டர் ஸ்பீக்கரில் இரைச்சலைக் கொண்டுவரும்.

அப்புறம், உண்மையான வால்வா என்று பாருங்கள்

மலிவான சில பெட்டிகளில் வேலை முழுவதையும் சிப் செய்யும். வால்வு பேருக்கு இருக்கும். அதன் அடியில் ஒரு செம்மஞ்சள் எல்ஈடி எரியும். போனோ பகுதியிலேயே வால்வு இருக்கிறதா, அதற்கு எத்தனை வோல்ட் போகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். 200 வோல்ட்டுக்கு மேல் என்றால் நம்பலாம். அதே காரணத்தால், நிறுத்திய பிறகும் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே கப்பாசிட்டர்களில் அந்த வோல்ட் தேங்கி நிற்கும்.

இப்போது வால்வின் பெயர்

12ஏஎக்ஸ்7 பாவிக்கும் பெட்டியாகப் பார்த்து எடுங்கள். ஐரோப்பியப் பெயர் ஈசிசி83, இரண்டும் ஒன்றுதான். ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா மூன்றிலும் இன்றும் செய்கிறார்கள். மாற்று வால்வு கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கடையில் கிடைக்கும் என்று இருக்க வேண்டாம். பிரீஅம்ப்போடு சேர்த்து ஒரு சோடி எடுப்பித்து வைத்துவிடுங்கள். ‘வால்வின் இனிமை’ பற்றி நிறையப் பேசுவார்கள். என் காதுக்கு ஒரு வால்வுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, தட்டைத் துடைத்ததற்கும் துடைக்காததற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. நம் செம்மண் தூசி அப்படி.

பூட்டும் நாள்

றெக்கோட் பிளேயரிலிருந்து வரும் மெல்லிய ஏர்த் வயரை பிரீஅம்ப்பின் பின்பக்கத் திருகில் இறுக்குங்கள். சத்தத்தை அடியில் வைத்து பிரீஅம்ப்பை முதலில் போட்டு, ஒரு நிமிடம் விட்டு அம்பிளிபயரைப் போடுங்கள். நிறுத்தும்போது அம்பிளிபயர் முதலில். வால்வு வெளியே தெரியும் பெட்டியானால், பென்சிலால் அதை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று பலமாகக் கேட்கிறதா? அந்த வால்வை மாற்றிக் கேளுங்கள். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் நிற்காவிட்டால் பிரீஅம்ப்பின் ட்ரான்ஸ்ஃபோமருக்கும் றெக்கோட் பிளேயருக்கும் இடையே தூரத்தைக் கூட்டுங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் வீட்டு ஏர்த்தை மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும். ஐப்பசி இடிக்கு ஸ்விட்சை நிறுத்துவது மட்டும் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள்.