கிளைம்பிங் உலகச் சாம்பியன்ஷிப்: பார்த்துக்கொண்டே மதிப்பெண் போடுவது எப்படி

ஸ்போர்ட் கிளைம்பிங் போட்டியைப் புதிதாகப் பார்க்க உட்காருபவர் பாதியிலேயே குழம்பிப்போவார். உச்சியைத் தொடாமல் விழுந்தவர் முதலிடத்தில் இருப்பார். இருவர் ஒரே பிடியில் விழுந்திருப்பார்கள். ஒருவருக்குப் பதக்கம், மற்றவருக்கு ஒன்றுமில்லை. வர்ணனையாளர்கள் விளக்குவதற்குள் அடுத்தவர் ஏறத் தொடங்கியிருப்பார். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நீங்களே மதிப்பெண் போட்டுப் பார்ப்பதுதான் இதற்கு வழி.

முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1991-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்தது; அண்மையில் 2023-ல் பெர்ன், 2025-ல் சியோல். போல்டரிங், லீட், ஸ்பீட் மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம், தனித்தனிக் கணக்கு. தாளையும் அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

போல்டரிங்

கயிறு கிடையாது, கீழே தடித்த மெத்தை. சுவரில் தனித்தனியாக அமைத்த குட்டைப் பாதைகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் விழுந்து எழுந்து முயலலாம். தகுதிச் சுற்றில் 5 பாதைகள், அரையிறுதியிலும் இறுதியிலும் 4. இறுதியில் ஒரு பாதைக்கு 4 நிமிடம். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டபின் உச்சியைப் பிடித்தால் அது கணக்கில் வராது.

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கட்டம் போடுங்கள். கால் தரையை விட்டு எழும்பிய ஒவ்வொரு தடவையும் கட்டத்தில் ஒரு கோடு. முதல் அசைவிலேயே வழுக்கி விழுந்தாலும் கோடு உண்டு. நடுவே ‘ஜோன்’ எனக் குறித்த பிடியைக் கட்டுக்குள் கொண்டுவந்த கோட்டின் மேல் ‘ஜோ’ என்றும், உச்சிப் பிடியை இரு கைகளாலும் பிடித்து உடலை நிலைநிறுத்திய கோட்டின் மேல் ‘உ’ என்றும் எழுதுங்கள். உச்சியை ஒரு கையால் எட்டிப் பிடித்துவிட்டு, அடுத்த கை வருமுன் விழுந்தால் ‘உ’ இல்லை. ஜோன் பிடியை விரல் நுனி உரசினாலும் போதாது.

2025 முதல் கணக்கு இது: உச்சிக்கு 25, ஜோனுக்கு 10, அதற்கு முன் வீணான ஒவ்வொரு முயற்சிக்கும் 0.1 கழிவு. மூன்றாவது முயற்சியில் உச்சி என்றால் 24.8. உச்சியே கிடைக்காமல் நான்காவது முயற்சியில் ஜோன் என்றால் 9.7. உச்சி கிடைத்துவிட்டால் ஜோனைத் தனியாகக் கூட்டக் கூடாது. வீட்டில் கணக்குப் போடுபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

இந்தக் கணக்கில் ஒரு நெளிவு இருக்கிறது. முன்பெல்லாம் உச்சிகளின் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரே ஒரு உச்சி வைத்திருப்பவர்கூட, உச்சியே இல்லாமல் ஜோன்களை மட்டும் அடுக்கியவரைவிட மேலே இருப்பார். இப்போது ஒரு உச்சியோடு மற்ற மூன்றிலும் வெறுங்கையாகத் திரும்பியவருக்கு 25 தான், மூன்று பாதைகளில் ஜோன் எடுத்தவருக்கோ 30. ஆகவே ஒரு பாதை சுத்தமாக வராது என்று தெரிந்தாலும், கடைசி நிமிடத்தில் ஜோனையாவது எடுக்க ஒருவர் மன்றாடினால் அதை வீம்பு என்று நினைக்காதீர்கள். அந்த 10 மதிப்பெண்ணில் பதக்கமே கைமாறலாம். ஒரு முயற்சி வீணானதால் இழக்கும் 0.1 ஏறத்தாழச் சில்லறை. உச்சியும் ஜோனும் சமமாக வந்து நிற்கும்போதுதான் அதற்கு மதிப்பு.

தொடக்க நிலையையும் உற்றுப் பாருங்கள். குறியிட்ட பிடிகளில் இரு கைகளும் இரு கால்களும் நிலைபெற்ற பிறகுதான் மேலே நகரலாம். எட்ட முடியாவிட்டால் குதித்துப் பிடிக்க வேண்டும். பாரிஸ் 2024 ஒலிம்பிக் இறுதியில் ஜப்பானின் ஆய் மோரி முதல் பாதையின் தொடக்கப் பிடியையே பிடிக்க முடியாமல் பூஜ்யத்தோடு திரும்பினார். அவர் உயரம் 154 செ.மீ. அதே நாளில் லீடில் 96.1 எடுத்து எல்லோரையும் முந்தியும், இரண்டையும் கூட்டிய மொத்தத்தில் நான்காம் இடமே கிடைத்தது. ரூட் செட்டர்கள், அதாவது பாதை அமைப்பவர்கள், பிடிகளை வைக்கும்போது உயரம் எவ்வளவு தூரம் கணக்கில் வருகிறது என்ற சண்டை அன்றோடு ஓயவில்லை, ஓயவும் கூடாது.

லீட்

இங்கே கயிறு உண்டு, வாய்ப்பு ஒன்றுதான். 6 நிமிடத்தில் எவ்வளவு உயரம் போக முடியுமோ அவ்வளவு. போகும் வழியில் சுவரில் தொங்கும் கொக்கிகளான குயிக்டிராக்களில் வரிசை மாறாமல் கயிறை மாட்டிக்கொண்டே போக வேண்டும். சில பிடிகளில் நீலக் குறி இருக்கும்: அதைத் தாண்டுமுன் உரிய குயிக்டிராவில் கயிறு மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவர் ஏற்றத்தை நிறுத்திவிடுவார்.

ஏற்றம் தொடங்குமுன் எல்லா இறுதி வீரர்களும் சேர்ந்து சுவரைப் பார்க்க 6 நிமிடம் தருவார்கள். ஒளிபரப்பில் பலர் இதைத் தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள், தள்ளாதீர்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடியே வீரர்கள் காற்றில் இடது கை, வலது கை என்று அசைத்து ஒத்திகை பார்ப்பார்கள். ஒரு இடத்தில் ஒருவர் கையைக் குறுக்கே கொண்டுபோகிறார், பக்கத்தில் நிற்பவர் தலையாட்டிவிட்டு வேறு மாதிரி காட்டுகிறார் என்றால், அந்தப் பிடியின் நிறத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் விழப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

மதிப்பெண் என்பது பிடியின் எண். 33-ஆம் பிடியைக் கட்டுக்குள் வைத்துவிட்டு விழுந்தால் 33. அந்தப் பிடியிலிருந்து அடுத்ததை நோக்கி உடலையும் கையையும் கட்டுப்பாட்டோடு செலுத்திய பிறகு விழுந்தால் 33+. கூட்டல் குறி தரலாமா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய இடுப்பைக் கவனியுங்கள். இடுப்பு அடுத்த பிடியை நோக்கி எழும்பியிருந்தால் கூட்டல் குறிக்கு இடமுண்டு. கை மட்டும் நீண்டு, உடல் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தால் கிடைக்காது. கடைசி குயிக்டிராவில் கயிறை மாட்டினால்தான் உச்சி.

இருவர் சமமாக வந்தால் முந்தைய சுற்றின் இடத்தைப் பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் நேரம். இறுதியில் ஏறும் வரிசை அரையிறுதி வரிசைக்கு நேர் எதிர். ஆகவே கடைசியாக வருபவருக்கு, அரையிறுதியில் தனித்து முதலிடம் பிடித்திருந்தால், முன்னவரைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. அதே பிடியும் அதே கூட்டல் குறியும் போதும். தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அரையிறுதி இடத்தை எழுதிவைத்திருந்தால், கடைசி ஏற்றத்தின்போது எந்தப் பிடியில் தங்கம் உறுதியாகிறது என்று அரங்கம் ஆர்ப்பரிக்குமுன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தகுதிச் சுற்று மட்டும் விசித்திரமானது. எல்லோரும் இரண்டு பாதைகளில் ஏறுவார்கள். இரண்டிலும் பெற்ற இடங்களைப் பெருக்கி, வர்க்கமூலம் எடுப்பார்கள். ஒன்றில் முதலிடம், இன்னொன்றில் ஒன்பதாமிடம் என்றால் 3. இரண்டிலும் நான்காமிடம் என்றால் 4. குறைந்த எண் முன்னே என்பதால், சீராக ஏறியவர் பின்னே போய்விடுகிறார். ஐந்து பேர் உச்சி தொட்டு முதலிடத்தைப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் 1 இல்லை, 1 முதல் 5 வரையிலான சராசரி, அதாவது 3.

பாரிஸ் ஒலிம்பிக்கில் போல்டரிங்கையும் லீடையும் சேர்த்துக் கூட்டினார்கள். பழைய பதிவைப் பார்க்கிறீர்கள் என்றால் லீடுக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்: உச்சியிலிருந்து கீழ்நோக்கி முதல் 10 பிடிக்குத் தலா 4, அடுத்த பத்துக்கு 3, பிறகு 2, பிறகு 1. பிரிட்டனின் டோபி ராபர்ட்ஸ் 92.1 எடுத்தார் என்றால் (அந்த .1 கூட்டல் குறிக்கு) உச்சிக்கு 2 பிடி குறைவு. ஜப்பானின் சொராடோ அன்ராகுவின் 76.1 என்றால் 6 பிடி குறைவு. போல்டரிங்கில் 69.3-க்கு 63.1 என்று அன்ராகு முன்னே இருந்தும், அந்த நான்கு பிடிகள் தங்கத்தை ராபர்ட்ஸுக்குக் கொடுத்தன. 2028 லாஸ் ஏஞ்சலஸில் மூன்றும் தனித்தனி.

ஸ்பீட்

இதற்குத் தாளே தேவையில்லை. 15 மீட்டர் சுவர், 5 டிகிரி முன்சாய்வு. உலகம் முழுக்க பிடிகள் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில். தகுதிச் சுற்றிலிருந்து வேகமான 16 பேர் நேருக்கு நேர் மோதுவார்கள். தொடக்க ஒலிக்குப் பின் 0.1 நொடிக்குள் கால் எழுந்தால் தவறான தொடக்கம். அவ்வளவு சீக்கிரம் காதில் கேட்டு எழும்ப மனிதரால் முடியாது என்பதே அதன் கணக்கு. பாரிஸில் ஆண்கள் இறுதி 4.75-க்கு 4.77. கண் சிமிட்டினால் போச்சு. மறுஒளிபரப்பில் கையைப் பார்க்காமல் பாதத்தைப் பாருங்கள்: வழுக்கும் கால்தான் இங்கே பாதி ஓட்டங்களைக் கெடுக்கிறது.

எந்தப் பிரிவானாலும், கடைசி வீரர் இறங்கியதும் உங்கள் பட்டியலும் திரையும் ஒத்துப்போகாவிட்டால் உடனே அடித்துத் திருத்த வேண்டாம். முதலில் வருவது தற்காலிக முடிவு. அணிகள் மேல்முறையீடு செய்தால் நடுவர்கள் காணொளியைப் பார்த்து ஒரு கூட்டல் குறியைச் சேர்ப்பதோ நீக்குவதோ உண்டு. அதிகாரப்பூர்வ முடிவு என்று வந்தபின் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.