"விசேஷம் உண்டா?" என்று கேட்கும் ஊரில் சிகிச்சை மாதங்களைக் கடப்பது எப்படி?

கல்யாணமான மூன்றாம் மாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" ஆரம்பித்துவிடும். எனக்கு அது ஏழு வருஷம் ஓடியது. அப்போதே யாராவது சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறவற்றை எழுதுகிறேன்.

முதல் வேலை, கணவருக்கும் பரிசோதனை. ஒரு வருஷம் முயன்றும் தங்கவில்லை என்றால் (உங்களுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம்) டாக்டரிடம் போங்கள், இரண்டு பேருமாகப் போங்கள். நான் தனியாகப் போனேன். மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேன், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை, தைராய்டு, கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் டியூப் டெஸ்ட் என்று எல்லாம் என் உடம்பில்தான் நடந்தது. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு விந்துப் பரிசோதனை, இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேற்றாமல் இருந்து சாம்பிள் கொடுத்தால் முடிந்தது. அதை எடுக்க வைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. எடுத்தபோது உயிரணு எண்ணிக்கை குறைவு. குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, ஆனால் மலடி என்ற சொல் பெண்ணைத் தேடித்தான் வருகிறது. அவர் தயங்கினால் சண்டை போடாதீர்கள், அடுத்த தடவை கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ரிப்போர்ட்டில் குறை தெரிந்தால் குத்திக்காட்டவும் வேண்டாம், நான் ஒருமுறை அதைச் செய்துவிட்டு இன்றுவரை வருந்துகிறேன்.

டியூப் டெஸ்ட் சிலருக்கு நன்றாகவே வலிக்கும். வலி மாத்திரை முன்கூட்டியே போடலாமா என்று கேளுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

அப்புறம் சொந்தக்காரர்கள். அவர் பக்கத்து ஆட்களுக்கு அவர் பதில் சொல்லட்டும், உங்கள் பக்கத்துக்கு நீங்கள். இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியம் போதும்: "டாக்டர்கிட்ட காட்டிட்டு இருக்கோம் அத்தை, நல்ல சேதி வந்தா நாங்களே சொல்றோம்." எந்த டாக்டர், யாருக்குக் குறை, எவ்வளவு செலவு, எதையும் சொல்லத் தேவையில்லை.

வளைகாப்புதான் ரொம்பக் கஷ்டம். கர்ப்பிணிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அடுத்தது உனக்குத்தான் என்று ஆசையாக வளையல் போட்டுவிடுவார்கள், மண்டபமே நம் முகத்தைப் பார்க்கும். அன்று மனசு தாங்காது என்று தெரிந்தால் போகாதீர்கள், முந்தின நாளே அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து வளையலும் பூவும் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் அப்படித்தான் என் நாத்தனாரைப் பார்த்தேன், அவளுக்கு அது புரிந்தது.

சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். விரதமோ, திருக்கருகாவூர் கோயில் நெய்யோ, மனசுக்குப் பலம் தந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஊசி போடும் நாட்களில் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள், யாரோ சொன்ன லேகியத்துக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஐயூஐயோ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) ஐவிஎஃப்போ (வெளியே கருவாக்கி உள்ளே வைப்பது) முடிந்தபின் காத்திருக்கும் இரண்டு வாரம் தனி அவஸ்தை. மார்பு வலிக்கும், அடிவயிறு கனக்கும், தூக்கமாக வரும், உடனே இது அதுதான் என்று மனசு ஓடும். அந்த நாட்களில் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்தே இதையெல்லாம் செய்யும். நான் ஐந்தாம் நாளே வீட்டில் அட்டை டெஸ்ட் பார்த்தேன், ஒற்றைக் கோடு, இரண்டு நாள் சாப்பிடவில்லை. முட்டை வெடிக்கப் போட்ட ஊசியின் ஹார்மோன் உடம்பில் மிச்சமிருந்தால் பொய்யாக இரட்டைக் கோடும் வரும், அது இன்னும் கொடுமை. டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைதான் சரி.

அந்த ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எப்போது வரும், யாருக்குப் போன் வரும் என்று முன்னாலேயே பேசி வையுங்கள். முதல் தடவை எனக்கு அது ஆபீஸ் மீட்டிங் நடுவில் வந்தது, "நெகட்டிவ் மேடம், பீரியட்ஸ் தேர்ட் டே வந்துடுங்க" என்று வைத்துவிட்டார்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன். அடுத்த தடவையிலிருந்து கணவர் நம்பரைக் கொடுத்தோம். அவர் லீவு போட்டு வீட்டில் இருந்தார், போனை எடுத்தார், ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.