நூறு ரூபாய் ரசீதிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தை ஆராய்வது எப்படி?

போன மாதம் சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறி உட்கார்ந்ததும், லேமினேட் செய்த படங்களோடு ஒரு தம்பி வந்தார். மலைக் கிராமப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் டிரஸ்டாம். நூறு ரூபாய் கொடுத்தேன், ரசீது கிழித்துக் கொடுத்தார். பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் அந்த டிரஸ்டைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டுவிட்டேன். நடுநடுவே சிக்னல் போனது தனிக்கதை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பதால் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. நீங்களும் செய்யலாம், ஒரு போன் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். லாப நோக்கற்றது என்றால் கையில் பணமே மிஞ்சக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாக மிஞ்சலாம், வேலை செய்கிறவர்கள் சம்பளமும் வாங்கலாம். மிஞ்சியதை நடத்துகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். கட்டணம் வாங்கும் பள்ளி, கல்லூரிகள்கூட பெரும்பாலும் டிரஸ்ட் அல்லது சங்கத்தின் பெயரில்தான் நடக்கின்றன.

படி 1: எந்த வகை என்று பாருங்கள்

மூன்று வகைதான். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்திருப்பார்கள், பொறுப்பு அறங்காவலர்களிடம் இருக்கும். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. குறைந்தது ஏழு பேர் வேண்டும், பொதுக்குழு கூட வேண்டும், ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். மூன்றாவது, 2013 கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் கம்பெனி. அதன் அடையாள எண்ணுக்குள் என்.பி.எல் (NPL) என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். வெளியாள் ஆராய்வதற்கு மூன்றிலும் சுலபமானது இதுதான். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கட்டணம் கட்டி ஆவணங்களைப் பார்த்துவிடலாம்.

படி 2: பான் எண்ணின் நான்காவது எழுத்து

எனக்கு ரொம்பப் பிடித்த படி இது. ரசீதில் உள்ள பான் எண்ணில் நான்காவது எழுத்தை மட்டும் பாருங்கள். டிரஸ்டுக்கு ஆங்கில டி (T), கம்பெனிக்கு சி (C), சில சங்கங்களுக்கு ஏ (A) வரும். பி (P) என்று இருந்தால் அது தனி மனிதரின் பான். சில வருடங்களுக்கு முன் ஓர் இடத்தில் 5,000 ரூபாய் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரசீதை நிதானமாகப் பார்த்தேன். நான்காவது எழுத்து பி! டிரஸ்ட் பெயர் போட்ட ரசீது, உள்ளே ஒருவரின் சொந்த பான். போன் செய்து கேட்டேன், அதற்கப்புறம் அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை.

படி 3: 80ஜி

நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்க நிறுவனம் வாங்கியிருக்க வேண்டிய அனுமதிதான் 80ஜி. வருமான வரிச் சட்டம் புதிதாகி, 2026 ஏப்ரல் முதல் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பேச்சில் இன்னும் 80ஜிதான். இந்த அனுமதி எண்ணின் முதல் பத்து எழுத்துகள் அந்த நிறுவனத்தின் பான் எண்ணாகவே இருக்கும், ரசீதில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு என்பதால் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

படி 4: தர்பண், வெளிநாட்டுப் பணம்

நிதி ஆயோக்கின் என்.ஜி.ஓ. தர்பண் தளத்தில் பெயரைத் தேடினால் நிர்வாகிகள், முகவரி, செய்யும் வேலைகள் வரும். ஆனால் அதெல்லாம் அவர்களே நிரப்பிய விவரம். தர்பண் எண் இருப்பதை அரசின் நற்சான்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற சட்டத்தின் கீழ் பதிவு தேவை. 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். "அமெரிக்காவிலிருந்து நேரா நம்ம சேலம் அக்கவுண்டுக்கே வருதுங்க" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் உஷாராகுங்கள்.

படி 5: கணக்கைப் படியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். ஓர் உதாரணம்: ஆண்டு வரவு 12 லட்சம். ஆசிரியர் சம்பளம் 5 லட்சம், ஜீப் வாடகை 2 லட்சம், நோட்டு, தின்பண்டம் ஒன்றரை லட்சம், இதர செலவுகள் 3 லட்சம். பார்த்ததும், "சம்பளத்துக்கும் வண்டிக்குமே பாதிக்கு மேல் போய்விட்டதே" என்று தோன்றும். ஏற்காட்டிலிருந்து இன்னும் உள்ளே போகும் ஓர் ஊருக்குத் தினமும் ஒருவர் போய்ப் பாடம் சொல்லித்தர வேண்டுமென்றால், சம்பளமும் ஜீப்பும்தானே அங்கே சேவை? என் கண் நிற்பது அந்த "இதர செலவுகள்" வரியில். 3 லட்சத்துக்கு ஒரு விளக்கமும் இல்லையென்றால் கேட்டுவிட வேண்டியதுதான்.

வரிவிலக்கு பெற்ற நிறுவனம் பொதுவாக வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும். இந்த உதாரணத்தில் அது 10 லட்சத்து 20 ஆயிரம். மீதி 15 சதவீதத்துக்கு மேல் சேர்த்துவைத்தால் எதற்காக என்று வரித்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் பேலன்ஸ் ஷீட்டைத் திருப்பி, அறங்காவலருக்கோ அவர் சொந்தக்காரருக்கோ கடன், முன்பணம், வாடகை என்று ஏதாவது போயிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: நேரில் போங்கள்

அந்த நூறு ரூபாய் ரசீதில் நான்காவது எழுத்து டி, தர்பணில் பெயரும் இருந்தது. கணக்கு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. ரசீதில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். "ஆபீஸுக்கு வாங்க சார், ஃபைலையே காட்டுறோம். வகுப்பைப் பார்க்கணும்னா ஆறு மணிக்கு மேல வரணும்" என்றார் ஒரு அம்மா. "வண்டி எடுத்துட்டு வந்துடுங்க, வகுப்பு முடியறப்ப எங்க ஊர்ல இருந்து பஸ் இருக்காது." அடுத்த சனிக்கிழமைக்கு மச்சானிடம் பைக் கேட்டிருக்கிறேன்.