பாதி நினைவில் இருந்த பாட்டைப் பிடித்த விதம்

ஆந்திர எல்லையிலுள்ள சித்தூர் பக்கத்து சினிமாக் கொட்டகையில் கேட்ட பழைய பாட்டென்றால், மனதில் நிற்கும் வரி தமிழா தெலுங்கா என்றே குழம்பும். மெட்டு ஒன்று, வரி இரண்டு: 1955இல் ‘மிஸ்ஸியம்மா’வில் ‘வாராயோ வெண்ணிலாவே’, தெலுங்கு ‘மிஸ்ஸம்மா’வில் ‘ராவோயி சந்தமாமா’. தமிழ்ப் பாட்டுப் பட்டியலை மட்டும் புரட்டியதுதான் என் தவறு.

அதோடு, ஞாபகத்தில் தங்குவது பெரும்பாலும் சரணம். பட்டியல்களோ பல்லவியின் முதல் சொல்லை வைத்து அடுக்கியவை. சொல்லை விட்டுவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, கூகுள் செயலியில் 15 நொடி மெட்டை முனகினேன். பல்லவியின் ஏற்ற இறக்கத்தை வைத்தே பாட்டு சிக்கியது.

வந்த பாட்டில் நம் வரி இல்லையா? உடனே தள்ளிவிடாதீர்கள். வந்தது இசைத்தட்டுப் பதிவாக இருக்கலாம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும். தொகையறாவும் (பாட்டுக்கு முன் தாளமில்லாமல் பாடும் வரிகள்) கடைசிச் சரணமும் படத்தில் மட்டும் இருக்கலாம். படத்தையே ஓட்டிப் பாருங்கள். கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம் கிடைத்தால் இன்னும் நல்லது.