குக்கரில் பிறந்தநாள் கேக்: உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு

ஓவன் இல்லையா, பரவாயில்லை, குக்கர் போதும். முதலில் பேக்கிங் பவுடரைச் சோதித்துவிடுங்கள். மண்டபம், பாம்பன் பக்கத்து ஈரக்காற்றில் டப்பா சரியாக மூடாமல் இருந்தால் சீக்கிரமே வீணாகிவிடும், சுடுதண்ணீரில் அரை ஸ்பூன் போட்டதும் நுரைத்துப் பொங்க வேண்டும். என் முதல் கேக் அடை மாதிரி வந்ததற்கு இதுதான் காரணம்.

ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய் (நல்லெண்ணெய் வேண்டாம், வாசனை தூக்கும்) கலந்து, ஒன்றரை கப் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா சலித்துச் சேருங்கள். ரொம்ப அடித்தால் ரப்பராகிவிடும். கருப்பட்டித் தூள் போட்டால் ருசியே தனி, ஆனால் பிள்ளைகள் நிறத்தைப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பார்கள்.

அப்புறம் குக்கரில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் 10 நிமிடம் சூடாக்கி, எண்ணெய் தடவி மாவு தூவிய பாத்திரத்தில் கலவையை ஊற்றி உள்ளே இறக்கி, சிறுதீயில் 40, 45 நிமிடம். குக்கரில் தண்ணீர் கூடாது. ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

நன்றாக ஆறட்டும். விப்பிங் கிரீம் நம்ம ஊர் வெக்கையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் வழிந்துவிடும், அதனால் 200 கிராம் சாக்லேட்டை 100 மில்லி சூடான கிரீமில் உருக்கிப் பூசுங்கள். கலர் மிட்டாய்களைக் கடைசி நிமிடத்தில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் சாயம் இறங்கும்.