தெப்பான்யாக்கி மேசையில் சீலியாக் நோயாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டில் பிறந்தநாள், தேர்வு முடிவு என்று ஏதாவது நல்ல செய்தி வந்தால், பிள்ளைகள் முதலில் கேட்பது தெப்பான்யாக்கியைத்தான். சூடான இரும்புக் கல்லைச் சுற்றி எல்லாரும் அமர்ந்திருக்க, சமையற்காரர் இறாலையும் கோழியையும் தவுகே என்ற முளைப்பயறையும் கண்முன்னே புரட்டிப் போடும் இந்த முறையை அமெரிக்கர்கள் ஹிபாச்சி என்பார்கள். அந்நாட்டில் எழுதப்படும் எச்சரிக்கைகளில் அந்தப் பெயரைக் கண்டால், அது கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் நாம் சாப்பிடும் இதே தெப்பான்யாக்கியைக் குறிக்கிறது என்று கொள்ளலாம். எல்லாம் கண்ணெதிரே நடப்பதாலும், தட்டில் சோறும் கறியும் காய்களும் மட்டுமே தெரிவதாலும், சீலியாக் நோய் உள்ளவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இருக்க முடியாது என்று தோன்றும். என் மகளுக்கு இந்நோய் உறுதியான பிறகு முதன்முறையாக வெளியே சாப்பிடப் போனபோது நானும் அப்படித்தான் நம்பினேன். அன்றிரவு விடியும்வரை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

சீலியாக் என்பது ஒவ்வாமை அன்று. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் முற்றாக விலக்குவதைத் தவிர இதற்கு இன்றுவரை வேறு சிகிச்சை இல்லை. இது வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ஆனால் நம் நாட்டு இளையர்கள் 562 பேரிடம் இரத்தப் பரிசோதனை செய்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், 1.25 விழுக்காட்டினரிடம் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் இருந்தன.

அன்று நான் செய்த முதல் தவறு, சோயா சாற்றில் சோயா மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தது. ஜப்பானில் பெருவாரியாகப் புழங்கும் ஷோயு என்ற சோயா சாறு, சோயாவையும் கோதுமையையும் ஏறத்தாழச் சம அளவில் சேர்த்துப் புளிக்க வைத்தது. நம் ஊரில் கிச்சாப் எனப்படும் சோயா சாறு வகைகளிலும் பெரும்பாலானவற்றில் கோதுமை மாவு உண்டு. தெரியாக்கி சாறு அந்த ஷோயுவிலிருந்தே வருகிறது. சிப்பிச் சாற்றிலும் கோதுமை இருப்பது சாதாரணம். நண்டுக் குச்சி என்று விற்கப்படுவது மீன் கூழில் கோதுமை மாச்சத்து கலந்து செய்யப்படுவதே வழக்கம். மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் கவனம் வேண்டும், ஏனெனில் பார்லியில் புளிக்க வைத்த மிசோ வகைகளும் உள்ளன. 1985-ஆம் ஆண்டின் மலேசிய உணவு விதிமுறைகள், குளூட்டன் உள்ள தானியத்தைப் பொட்டல உணவின் லேபிளில் குறிப்பிட வேண்டும் என்கின்றன. மேசைக்கு வரும் தட்டில் லேபிள் இருக்காது என்பதால், சாற்றுப் புட்டியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லித் தயங்காமல் கேட்க வேண்டும். நல்ல கடைக்காரர்கள் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, அத்தனை சூட்டில் எதுவும் மிஞ்சாது என்று நம்புவது. சூடு கிருமியைக் கொல்லும். குளூட்டன் கிருமி அன்று, புரதம். எவ்வளவு சுட்டாலும் அது சீலியாக்காரருக்குக் கெடுதல் செய்யும் தன்மையை இழப்பதில்லை, கோதுமை ரொட்டி அடுப்பில் வெந்த பிறகும் கோதுமை ரொட்டியாகவே இருப்பதைப் போல. இரும்புக் கல்லை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவதில்லை. தகட்டுக் கரண்டியால் சுரண்டி, எண்ணெய் தடவி, துணியால் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சமைக்கிறார்கள். சற்று முன் அதே இடத்தில் ஊடோன் என்ற கோதுமை நூடல்ஸ் புரண்டிருக்கும், கிச்சாப் ஊற்றிய சோறு வறுபட்டிருக்கும். மாமாக் கடையில் கோதுமை மாவு ரொட்டிச் சானாய் போட்ட கல்லில் வார்த்த தோசையும் இதே காரணத்தால்தான் சீலியாக்காரருக்கு ஆகாது. நம் வீடுகளில் இதை விளக்குவது கடினமே அன்று. புரட்டாசியில் சைவம் இருக்கும் நம் பாட்டிமார், கறி கிண்டிய அகப்பையைச் சாம்பாரில் விட்டால் அந்தச் சாம்பாரைத் தொடுவார்களா? அந்தப் பழக்கத்தைச் சொல்லித்தான் என் மாமியாருக்கு இதைப் புரிய வைத்தேன். அன்றுமுதல் மகளின் பாத்திரத்தை என்னைவிடக் கவனமாகக் காப்பவர் அவர்தான்.

ஆகவே, கோதுமை சேராத தமாரி என்ற சோயா சாற்றுப் புட்டி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சமையற்காரரிடம் கொடுப்பது மட்டும் போதாது. அதே கல்லில், அதே கரண்டியால் புரட்டினால் அந்தப் புட்டியால் பயனில்லை. உள்ளே சமையலறையில், கழுவிய தனிச் சட்டியில், புதிய எண்ணெயில், உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் சமைத்துத் தர முடியுமா என்று கேட்பதே சரியான கேள்வி. பிள்ளையைக் கல்லை ஒட்டி உட்கார வைக்காமல், சாறு தெறிக்காத தூரத்தில் தனி மேசை கேட்பதும் நல்லது.

இதையெல்லாம் எப்போது கேட்கிறோம் என்பதிலும் தவறு நேர்கிறது. சனிக்கிழமை இரவு, வரிசை வாசல்வரை நிற்கும் நேரத்தில், கல்லின் முன் நிற்கும் சமையற்காரரிடம் நோயைப் பற்றி விளக்கினால், அவர் தலையசைப்பதைத் தவிர வேறென்ன செய்வார்? முதல் நாளே தொலைபேசியில் மேலாளரிடம் பேசிவிட்டு, கடை திறந்தவுடன், கல் இன்னும் அழுக்காகாத நேரத்தில் போக வேண்டும். குளூட்டன் என்ற சொல்லையே நம்பிப் பேசுவதும் பயன் தராது. பரிமாறுபவர் பல இடங்களில் நேப்பாளத்திலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர், அவருக்கும் நமக்கும் பொதுவாக இருப்பது மலாய்தான். "சாயா தாக் போலே மாக்கான் காண்டும், கிச்சாப் பூன் அடா காண்டும்" (நான் கோதுமை சாப்பிடக் கூடாது, கிச்சாப்பிலும் கோதுமை உண்டு) என்று கோதுமையின் பெயரைச் சொல்லியே ஆரம்பித்தால், கிச்சாப்பிலும் அது இருக்கிறது என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே விளங்கிவிடும். அதை ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துச் சமையலறைக்கே அனுப்புங்கள்.

ஹலால் சான்றிதழும் சைவம் என்ற பலகையும் குளூட்டனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சைவக் கோழி, சைவ ஆட்டிறைச்சி என்று கிடைப்பவற்றுள் பலவும் கோதுமைப் புரதத்தைத் திரட்டிச் செய்தவை, அதாவது குளூட்டனேதான். சைவம் உண்ணும் சீலியாக்காரர் இவற்றைத் தொடவே கூடாது.

உணவில் இத்தனை கவனமாக இருந்துவிட்டுக் குடிப்பதில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. பார்லித் தண்ணீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாம் வளர்ந்திருக்கிறோம், ஆனால் அது சீலியாக் நோயாளருக்கு நேரடித் தீங்கு. மைலோ பானத்திலும் பார்லி மால்ட் உண்டு. வெறும் தேநீரோ எலுமிச்சைச் சாறோ கேளுங்கள்.

"கொஞ்சம்தானே, ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று அத்தைமாரும் மாமன்மாரும் அன்போடு கேட்பார்கள். பெரும்பாலான நோயாளருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் போகக் கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரு துண்டு ரொட்டியிலோ ஏறத்தாழ 2 கிராம் இருக்கிறது, அதாவது அதைப் போல் 200 மடங்கு. சாப்பிட்ட பிறகு வலியே வரவில்லை என்றால் பாதிப்பும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிகுறி எதுவும் காட்டாமலே குடலின் உட்சுவர் சேதமடையும், பல நாள் கழித்து இரத்தசோகையாகவும் எலும்புத் தேய்மானமாகவும் அது வெளிப்படலாம்.

எங்களால் முடியாது, எங்கள் கல்லும் கரண்டியும் எல்லாருக்கும் பொது என்று ஒரு கடை வெளிப்படையாகச் சொன்னால், அவர்களோடு வாதாடாமல் நன்றி சொல்லுங்கள். பினாங்கில் சித்தப்பா மகனின் பிறந்தநாளுக்குப் போனபோது அப்படிச் சொன்ன ஒரு கடை கிடைத்தது. மகளுக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே கேட்டோம், சம்மதித்தார்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம் என்பதால், பெருங்காயம் இல்லாமல் தாளித்த எலுமிச்சைச் சோற்றை அவள் அண்ணன் தம்பிகளோடு அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.